மண்ணின் குணமும் மாந்தர் கடனும்

மண் நன்றாயிருந்தால் பயிர் நன்றாயிருக்கும் என்பது எவரும் மறுக்காத கூற்று. உழவன் தன் வயலைப் பார்த்து இதைச் சொல்லும்போது அது பட்டறிவின் மொழி. அதே கூற்றை ஆசிரியன் ஒருவன் தன் மாணவனைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அது தீர்ப்பாகிவிடுகிறது. பட்டறிவுக்கும் தீர்ப்புக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

பல ஆண்டுகளுக்கு முன்னர்த் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றியபோது அத்தகைய தீர்ப்பொன்றை நானும் வழங்கினேன். மூன்றாம் முறையாகக் கட்டுரை எழுதாமல் வந்து நின்ற மாணவனை வெளியே அனுப்பிவிட்டு, ஆசிரியர் அறையில் அமர்ந்து, “அந்த லயத்திலிருந்து வேறு என்னதான் முளைக்கும்?” என்றேன். சிலர் சிரித்தனர். அருகில் இருந்த மூத்த ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “மண்ணைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஐயா?” என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று விடை இல்லை. மண்ணைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. அவ்வாறு படித்தபோது என் சிந்தனையை மிகவும் ஈர்த்தது, பிரான்சு நாட்டின் வடகிழக்கில் உள்ள ஷாம்பேன் என்னும் பகுதி. அங்கே மண் வெண்மை. அதன் ஒரு சரிவில் விளையும் திராட்சையும் வெண்மை. அந்த மண்ணுக்கும் கொடிக்கும் அவற்றைப் பேணும் குடும்பங்களுக்கும் உள்ள உறவில், என் தீர்ப்பைத் திருத்தும் பாடம் ஒன்று இருக்கக் கண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் திராட்சை மதுவாக மாறுவது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் படிப்பிக்கும் நாம், தோட்டத்துக் கள்ளுக்கடைகள் எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கின என்பதைக் கண்ணால் கண்ட நாம், மதுவைப் புகழ எழுதுகோல் எடுத்தல் தகாது. நான் பேசப் புகுவது கிண்ணத்தைப் பற்றியன்று. கொடியைப் பற்றியும் அதன் வேரைப் பற்றியுமே.

எபெர்னே என்னும் நகருக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் மலைச்சரிவு ஒன்றுக்குக் கோத் தெ பிளான் என்று பெயர். வெண்திராட்சைச் சரிவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கிராமான், அவீஸ், ஓஜே, லெ மெனில் முதலிய சிற்றூர்கள் அச்சரிவின் ஓரமாக வரிசையாக அமைந்துள்ளன. அங்கே பயிராவது ஏறத்தாழ முழுவதும் ஷார்டனே என்னும் வெண்திராட்சை வகையே. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 49 பாகையில் உள்ள அவ்விடத்தில் ஆண்டின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 11 பாகை செல்சியசுதான். திராட்சைக் கொடி பழுத்துப் பயன்தருவதற்கு அது கடினமான எல்லை நிலம்.

அச்சரிவில் மேல்மண் மிகவும் மெல்லியது. அதன் கீழே, பல இடங்களில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு, நம் முன்னோர் சீமைச் சுண்ணாம்பு என்று அழைத்த வெண்சுண்ணப் பாறை கிடக்கிறது. ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் மிதந்து வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து பாறையாயின. ஒரு கைப்பிடி அளவு வெண்மண்ணில் எண்ணிலடங்கா உயிர்களின் எச்சம் இருக்கிறது. நாம் இன்று பாலை என்று எண்ணும் ஒன்று, ஒரு காலத்தில் உயிர்களால் நிறைந்திருந்தது.

இம்மண் கொடிக்கு என்ன செய்கிறது? முதலாவதாக, அது நீரைக் காக்கிறது. மழை பெய்தால் வெடிப்புகளின் வழியே நீர் விரைந்து இறங்கிவிடும், வேர் அழுகுவதில்லை. ஆனால் அந்த நீர் முழுவதும் ஓடிப்போவதும் இல்லை. பாறையில் உள்ள நுண்துளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு கன மீட்டர் வெண்சுண்ணப் பாறை 300 முதல் 400 லிட்டர் வரை நீரைத் தாங்கும். கோடையில் மேல்மண் காய்ந்தபின், விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் அப்பாறை நீரைக் கீழிருந்து மெல்ல மெல்ல மேலே அனுப்புகிறது. பெருக்கெடுத்த நாளில் மிகையாகக் கொடுக்காமலும், வறண்ட நாளில் கைவிடாமலும் காக்கும் மண் அது.

இரண்டாவதாக, அது வேரை ஆழத்துக்கு அழைக்கிறது. மேலே உணவு குறைவு. ஆதலால் வேர் பாறையின் வெடிப்புகளில் புகுந்து கீழே இறங்கியாக வேண்டும். மூன்றாவதாக, வளம் குறைந்த மண்ணில் கொடி தழைத்துப் படர்வதில்லை. இலையிலும் தண்டிலும் ஆற்றலைச் செலவிடாமல் பழத்தில் செலுத்துகிறது. குளிர்ந்த வானிலையில் பழம் மெதுவாகப் பழுக்கிறது; புளிப்பு முற்றும் அழிந்துவிடாமல் நிற்கிறது. அப்பழத்தின் தெளிவுக்கும் கூர்மைக்கும் இவையே காரணம் என்பர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். சுண்ணாம்பின் சுவையே பழத்தில் ஏறிவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். அறிவியலார் அதை ஒப்புவதில்லை. வேர் பாறையை உண்பதில்லை. நீரில் கரைந்த சில உப்புகளை மிகச் சிறு அளவில் உறிஞ்சுகிறது. அவ்வளவே. மண் தன்னைப் பழத்துக்குள் திணிப்பதில்லை. பழம் எவ்வாறு வளரலாம் என்பதற்கான நிலைமைகளை மட்டும் அமைத்துக் கொடுக்கிறது. பிறப்பைப் பற்றிப் பேசுவோர் மறவாமல் நினைவிற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. நிலைமை வேறு, சாரம் வேறு.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்த மண் நல்ல மண்ணா, கெட்ட மண்ணா?

இதே ஷாம்பேனில், சரிவுகளை விட்டுச் சமவெளிக்கு இறங்கினால் அங்கும் அதே வெண்சுண்ணம்தான். ஆனால் அந்தச் சமவெளிக்குப் பல நூற்றாண்டுகளாக வழங்கிய பெயர், இழிந்த ஏழை ஷாம்பேன் என்று பொருள்படுவது. கோதுமை செழிக்கவில்லை, ஆடு மேய்ந்தது, பின்னர்ப் பைன் மரங்களை நட்டுப் பார்த்தனர். அந்த மண்ணைக் கண்டு உழவர் பழித்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், அம்மண்ணுக்கு எவ்வுரம் குறைவு என்று கண்டறிந்து இட்டபோது, அதே சமவெளி பிரான்சு நாட்டின் பெயர்பெற்ற தானிய வயல்களுள் ஒன்றாயிற்று. மண் மாறவில்லை. அதை அறிந்துகொண்ட மனிதன் மாறினான்.

மற்றுமொரு சான்று உண்டு. இந்த வெண்சுண்ணப் படிவு கடலுக்கு அப்பாலும் தொடர்ந்து இங்கிலாந்தின் தென்பகுதியிலும் கிடக்கிறது. அங்கும் அதே மண். ஆயினும் அம்மண்ணில் திராட்சைத் தோட்டங்கள் பெயர்பெறத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். வானிலையும், பொருத்தமான வகையைத் தேர்ந்து நட்ட கைகளும் வந்து சேரும்வரை மண் காத்துக் கிடந்தது.

ஆகவே, மண்ணே எல்லாம் என்பார் கூற்று பொருந்தாது என்பது தெளிவு. புறநானூற்றில் ஔவையார், நிலத்தை விளித்து, நீ நாடாக இருப்பினும் காடாக இருப்பினும் உன் நன்மை உன்மேல் வாழும் மாந்தரின் நன்மையே என்னும் கருத்துப்படப் பாடினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அக்கருத்துக்கு ஷாம்பேன் சமவெளி ஓர் உரை எழுதியிருக்கிறது.

ஆயினும் இதைக் கேட்ட மாத்திரத்தில் நாம் எதிர்த் திசையில் ஒரு பிழை செய்துவிடுவதுண்டு. “வறண்ட மண்ணே கொடியை வலிமையாக்குகிறது, வறுமையே பிள்ளையைச் செம்மையாக்கும், துன்பப்படட்டும், தானே முன்னேறுவான்” என்று மேடைகளில் முழங்குகிறோம். துன்பத்தை அனுபவியாதவர் துன்பத்தைப் புகழ்வது எளிது. ஷாம்பேன் வரலாறு இந்தப் பேச்சையும் மறுக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் செடிப்பேன் பிரான்சின் திராட்சை வேர்களை உறிஞ்சி அழித்தது. 1890இல் அது ஷாம்பேனுக்கும் வந்து சேர்ந்தது. அப்பூச்சியைத் தாங்கும் வேர் அமெரிக்கக் காட்டுத் திராட்சைக்கு இருந்தது. எனவே அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டி நடுவதே வழி என்று கண்டனர். இரப்பர்க் கன்றுக்கு மொட்டு ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் சுண்ணமண்ணில் புதிய சிக்கல் தோன்றியது. அமெரிக்க வேர்களுள் பல, சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலிருந்து இரும்புச் சத்தை எடுக்க இயலாமல் தவித்தன. இலைகள் வெளிறின, மஞ்சளாயின, கொடிகள் சோகை பிடித்து மாண்டன. அந்த மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. எட்டிப் பிடிக்க இயலாத நிலையில் அது இருந்தது. துன்பம் அக்கொடிகளை வலிமையாக்கவில்லை, கொன்றது.

அப்போது அறிஞர் என்ன செய்தனர்? கொடியைப் பழிக்கவில்லை, மண்ணையும் சபிக்கவில்லை. இந்த மண்ணுக்கு ஏற்ற வேர் எது என்று தேடினர். 1887இல் பியேர் வியாலா என்னும் பிரெஞ்சு அறிஞர், சுண்ணமண்ணில் தழைக்கும் காட்டுத் திராட்சையைத் தேடி அமெரிக்கா சென்றார். டெக்சஸ் மாநிலத்தில் வாழ்ந்த மன்சன் என்னும் திராட்சை ஆய்வாளர் அவருக்குத் துணை நின்றார். அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் இயல்பாக வளரும் பெர்லாந்தியேரி என்னும் வகை, இத்தகைய மண்ணைத் தாங்கியது. ஆனால் அதன் தண்டை வெட்டி நட்டால் எளிதில் வேர் விடாது. ஆதலால் அதை வேறு வகைகளோடு கலந்து புதிய வேர்களை உருவாக்கினர். ஐரோப்பிய வகையொன்றோடு அதைக் கலந்து பெற்ற 41 பி என்னும் வேரே ஷாம்பேன் சுண்ணமண்ணில் நெடுங்காலம் மிகுதியாக நடப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். உலகம் புகழும் அந்தப் பிரெஞ்சு மண்ணின் கொடி, பாதி அமெரிக்கக் குருதி கலந்த வேரில் நிற்கிறது. தூய மரபு என்று பெருமை பேசுவோர் நிலத்துக்கு அடியில் எட்டிப் பார்ப்பதில்லை. கடல் கடந்து வந்த வேர் அயல் மண்ணில் ஊன்றி, தான் தாங்கும் கொடியை அந்த மண்ணுக்கே உரியதாக ஆக்கிவிட்டது. வந்தேறிய மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இச்செய்தியில் ஆறுதல் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பாடம் வேறொன்று உண்டு. கடின நிலம் சிறப்பைத் தருவது, அதற்கேற்ற துணை அமைந்தபோது மட்டுமே. துணையைத் தேடித் தரும் கடன் கொடியினுடையது அன்று, தோட்டக்காரனுடையது.

மண்ணைப் பற்றிய மூன்றாவது பிழை ஒன்று உண்டு. அது மண்ணைக் கொண்டு மதிப்பெண் இடுவது. நாம் தாளுக்கு மதிப்பெண் இடுகிறோம். ஷாம்பேனில் ஊர்களுக்கு மதிப்பெண் இட்டனர். இந்த ஊர்த் திராட்சைக்கு நூற்றுக்கு நூறு, அந்த ஊர்த் திராட்சைக்கு எண்பது என்று படிவரிசை வகுத்து, அதற்கேற்ப விலையும் கட்டினர். அவ்வரிசை பிறந்த காலமும் கொந்தளிப்பான காலமே. வெளியிடங்களிலிருந்து மலிவான திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பேன் என்று விற்ற வணிகர்மேல் சினங்கொண்ட சிறு விவசாயிகள் 1911இல் கிளர்ந்தெழுந்தனர். கிடங்குகள் உடைக்கப்பட்டன, படை வந்தது. ஊரின் பெயரைத் திருடியோர்மேல் அவர்கள் கொண்ட சினம் நியாயமானது. ஆனால் அதே காலத்தில், எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட ஓப் பகுதி விவசாயிகளும், “நாங்களும் ஷாம்பேன் மக்களே” என்று தெருவில் இறங்கினர். அவர்களுக்கு முழு உரிமை கிடைத்தது 1927இல்தான். மண்ணின் பெயரால் காக்கப்படும் நீதி, சற்று அயர்ந்தால் மண்ணின் பெயரால் இழைக்கப்படும் அநீதியாகவும் மாறிவிடும்.

அந்தப் படிவரிசையில் லெ மெனில், ஓஜே ஆகிய ஊர்கள் நூறுக்குச் சற்றுக் குறைந்த நிலையில் நெடுங்காலம் இருந்தன. 1985இல் அவை நூறுக்கு உயர்த்தப்பட்டன. உயர்த்தப்பட்ட நாளுக்கு முந்திய நாள் அங்கிருந்த மண் எதுவோ, அதுவே மறுநாளும் இருந்தது. கொடியும் அதுவே, மலைச்சரிவும் அதுவே. மாறியது பதிவேட்டில் இருந்த எண் மட்டும். பின்னர் அந்தப் படிவரிசையைக் கொண்டு விலை கட்டும் முறையே கைவிடப்பட்டது. இதைப் படித்த நாளில் என் மேசைமேல் திருத்தாத தேர்வுத் தாள்கள் கிடந்தன. சிவப்பு மைப் பேனாவை எடுக்கக் கை கூசியது.

இனி, இம்மண்ணை உடைய குடும்பங்களின் கடனைச் சிறிது நோக்குவோம். ஷாம்பேனின் திராட்சை நிலத்தில் பெரும்பகுதி, பெயர்பெற்ற பெரிய நிறுவனங்களிடம் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்களிடமே உள்ளது. பிள்ளைகள் அனைவர்க்கும் சம பங்கு என்ற பிரெஞ்சுச் சட்டத்தால் தலைமுறைதோறும் நிலம் துண்டாகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு சரிவில் நான்கு வரிசை, மற்றோர் ஊரில் பத்து வரிசை என்று இருப்பதும் உண்டு. இன்று ஓர் எக்டர் நிலத்தின் விலை பத்து இலட்சம் யூரோவுக்கு மேல். ஆடு மேய்க்கத்தான் தகும் என்று பழிக்கப்பட்ட அதே வெண்மண்ணின் விலை இது.

ஆயினும் அறுவடை இன்றும் கையால்தான். இயந்திரத்தால் பறித்தல் அங்கே விதிப்படி தடை. தந்தை நட்ட கொடியின் பழம் மகனுக்கும் பேரனுக்கும் கிடைப்பதும் உண்டு. அவ்வாறாயின், மண் யாருக்கு உரியது? பத்திரத்தில் பெயர் உள்ளவனுக்கா? ஏழு கோடி ஆண்டு வயதுடைய பாறைக்கு முன் எழுபது ஆண்டு வாழும் மனிதன் உரிமை பேசுவது பொருத்தமா? அவன் உரிமையாளன் அல்லன், இடைக்காலக் காவலன்.

காவலன் தவறியதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிசு முதலிய நகரங்களின் குப்பையை அரைத்து உரமாக அந்தப் புகழ்பெற்ற சரிவுகளில் பரப்பினர். அரிப்பைத் தடுக்கும், மண்ணுக்கு ஊட்டம் தரும் என்று நம்பினர். குப்பையோடு நெகிழித் துணுக்குகளும் கண்ணாடிச் சில்லும் வந்து சேர்ந்தன. 1990களின் இறுதியில் அவ்வழக்கம் நின்றது. ஆயினும் நீல நிற நெகிழித் துணுக்குகள் பின்னரும் கொடிகளின் அடியில் கண்ணில் பட்டன. மண்ணின் பெயரால் பொருளீட்டியவர்களே அம்மண்ணில் குப்பை கொட்டினர். வெளுத்த மண்ணில் நீலத் துணுக்கு மறைவதில்லை. பிள்ளையின் மனத்தில் நாம் வீசும் சொல்லும் அத்தகையதே. வீசியவர் மறந்துவிடுவர், அது கிடக்கும்.

அதே மண்ணில் மனிதன் சிறந்து நின்ற ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். ரெய்ம்ஸ் நகரின் அடியில், உரோமர் காலம் தொட்டுச் சுண்ணக்கல் வெட்டி எடுத்த பெரும் பள்ளங்கள் உள்ளன. பிற்காலத்தில் அவை மதுப் புட்டிகளை அடுக்கும் நிலவறைகளாயின. முதல் உலகப் போரில் நகரத்தின்மேல் குண்டுகள் பொழிந்தபோது, 1914 டிசம்பர் முதல் அந்நிலவறைகளில் பள்ளிகள் நடந்தன. மேலே நகரம் எரிந்தது. கீழே வெண்சுவர்களுக்கு நடுவே ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். புட்டிகளை அடுக்கிய இடம் பிள்ளைகளுக்குப் புகலிடமாயிற்று. ஒரே சுண்ணப் பாறை. அதைக் குடிக்கும் இடமாக்குவதும் படிக்கும் இடமாக்குவதும் மாந்தர் கையில் இருந்தது.

வள்ளுவர் மண்ணை உவமையாக்கும் இடங்களுள் இரண்டை இங்கே நினைக்கலாம். குடிமை அதிகாரத்தில், முளையைக் கண்டு நிலத்தை அறிவதுபோல் சொல்லைக் கண்டு குடியை அறியலாம் என்னும் கருத்தை வைக்கிறார். சிற்றினம் சேராமையிலோ, சேர்ந்த நிலத்தால் நீர் வேறுபடுவதுபோல் சேர்ந்த இனத்தால் அறிவு வேறுபடும் என்கிறார். முன்னதை மட்டும் படிப்பவன் பிறப்பைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குவான். பின்னதையும் சேர்த்துப் படிப்பவன், “இப்பிள்ளை சேர்ந்த நிலம் எது? அந்நிலத்தில் நானும் ஒரு பகுதி அன்றோ?” என்று தன்னையே கேட்பான். வகுப்பறையும் ஒரு நிலம். ஆசிரியன் சொல்லும் அதன் மண்.

மூத்த ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பின், நான் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். விடியுமுன் தாய் பால்மரம் வெட்டப் போய்விடுவார். இரண்டு தம்பியரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, அழைத்து வருபவன் அவனே. மாலையில் அந்த ஒற்றை அறையில் ஐவர் இருந்தனர், விளக்கு ஒன்று, மேசை இல்லை. கட்டுரை எழுதுவதற்கு அவனிடம் சொற்கள் இல்லாமலில்லை. எழுத ஓர் இடம் இல்லை. மண்ணில் இரும்பு இருந்தது, எட்டவில்லை.

மறுநாள் முதல் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வைத்தேன். அவனோடு வேறு நால்வரும் வந்தனர். தம்பியர் இருவரும் பின்வரிசையில் அமர்ந்து படம் வரைந்தனர். அவன் பெரும்புலவன் ஆகிவிடவில்லை. ஆனால் அந்த வாரம் கட்டுரை ஏடு என் மேசைக்கு வந்தது. அடுத்த வாரமும் வந்தது. “எங்கள் லயம்” என்ற தலைப்பில் அவன் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில், நான் அறியாத செய்திகள் பல இருந்தன. அதற்கு மதிப்பெண் இடுமுன், ஏட்டை எடுத்துக்கொண்டு போய் மூத்த ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, “எழுத்துப்பிழை மூன்று இருக்கிறது, திருத்திக் கொடுங்கள்” என்றார்.